சேவல் மார்க் ஓடு

ஆத்தித்துறையில் சுங்கச் சாவடி வைத்த பிறகு அதன் வழியாக ஒரு கள்ளக்கடத்தல்காரனும் போனது கிடையாது. அவர்களுக்கு ஒரு மைல் வடக்கே வசதியான மணல்திட்டு இருந்தது. சாவடிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒழுங்கானவர்கள். ஆகையால் சாவடி ஒழுங்கானவர்களைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அதை அது குறைவில்லாமல் செய்தது.

சூசைமுத்து அங்கே போனது ஓடு எடுத்துவர. வீட்டுக் கூரைக்குப் போடுகிற சாதாரண ஓடு.

சூசைமுத்துவுக்கு ஒரு வள்ளம், தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு வீடு, லீமாரோஸ் என்று ஒரு மனைவி. போன கார்த்திகையில் அடித்த புயலில் இந்த மூன்றில் ஒன்றை அவன் காப்பாற்றினான். வள்ளத்தை.

காற்று திரும்புகிறது என்று தெரிந்ததும் கால்கள் தாமாகக் கரைக்கு ஓடின. வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து, தாழைப் புதருக்குப் பின்னால் தள்ளிக் கட்டிவிட்டு அவன் வீட்டுக்கு வந்தபோது வீடு படுத்திருந்தது. முகட்டுக் கட்டை லீமாரோஸின் இடது கைமேல் கிடந்தது. அவள் அழவில்லை. “எங்க போனீக?” என்று மட்டும் கேட்டாள்.

“கோவில்ல மாட்டிக்கிட்டேன். செபம் சொல்லிக்கிட்டு இருந்தேன், காத்துல கதவு தெறக்க முடியல” என்றான் சூசைமுத்து.

கட்டுப் பிரித்தபோது அவள் கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பிறகு அவள் தங்கச்சிமடத்தில் அப்பன் வீட்டுக்குப் போனாள். போகும்போது சண்டை போடவில்லை. “ஓடு போட்டுட்டு ஆள் அனுப்புங்க. கிடுகுக்கடியில இனிமே எனக்கு உறக்கம் வராது” என்றாள். சண்டை போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாதம் ஒருமுறை சாமியார் வருவார். சூசைமுத்து முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்வான். கள் குடித்தது, மச்சினனை வைதது, பூசையில் தூங்கியது எல்லாம் சொல்வான். அதை மட்டும் சொல்ல மாட்டான். கோவில் பேரில் சொன்ன பொய்யைக் கோவிலுக்குள்ளேயே எப்படிச் சொல்வது? பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் சொல்லச் சொல்கிற செபத்துக்கு அந்தப் பக்கத்து வேதக்காரர்கள் அபராதம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அபராதத்தைத் தீர்த்துவிட்டால் பாவம் போய்விட்டது. அதைப் பற்றி மறுபடி யாரும் கேட்கக் கூடாது, சாமியாரே கேட்கக் கூடாது. சூசைமுத்து கொடுத்த அபராதத்தை எல்லாம் தீர்த்தான். சொல்லாதது மட்டும் நெஞ்சில் தூண்டில் முள்ளைப்போல மாட்டிக்கொண்டு கிடந்தது.

ஆகவே அவன் ஓடு வாங்கக் கிளம்பினான்.

ராமநாதபுரத்தில் மதார் ராவுத்தர் கடையில் ஓடு சுவர்போல அடுக்கியிருந்தது. விலையைக் கேட்டதும் சூசைமுத்து, தான் மாளிகைக்கு விலை கேட்டுவிட்டோமோ என்று பயந்தான்.

“போன வருசம் இந்த வெல இல்லையே பாய்.”

“போன வருசம் வரி இல்லையே தம்பி.”

“வரி வெளிநாட்டு ஓட்டுக்குத்தான? இது நம்ம கொல்லத்து ஓடுதான?”

“ஆமா. வெளிநாட்டு ஓடு வரியில மேல ஏறிருச்சு. அது மேல நிக்கயில நம்ம நாட்டு ஓடு கீழ கெடந்தா மரியாதையா? நம்ம நாட்டக் காப்பாத்தத்தான வரி போட்டிருக்காக. இது சுதந்திர ஓடு, தம்பி.”

“ஆணி?”

“ஆணியும் சுதந்திரம் வாங்கிருச்சு.”

“மரமாச்சும்?”

“பர்மா தேக்குக்கு வரி. அதப் பாத்து வேம்பு ஏறுச்சு. வேம்பப் பாத்து கருவேலம் ஏறுச்சு.”

“ஏறாம இருக்கறது என்னதான் பாய் இருக்கு?”

மதார் ராவுத்தர் யோசித்தார். “ஒங்க வீட்டுக் கூரைதான்” என்றார்.

அந்தச் சமயத்தில் அக்கரையிலிருந்து சேதி வந்தது. மன்னார்ப் பக்கம் பிறந்து வளர்ந்து கடை வைத்திருந்த சூசைமுத்துவின் பெரியப்பா மகன் சந்தனத்தை, நீ இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று அந்த நாட்டுச் சர்க்கார் சொல்லிவிட்டது. அவர் வீட்டைப் பிரித்து விற்றுவிட்டு மகளோடு இருக்க மதுரைக்கு வருகிறார். “ஓட்டை மட்டும் விக்க மனசு வரல. எங்க அய்யா அந்தக் காலத்துல கொல்லத்துல வாங்கித் தோணியில ஏத்திக்கிட்டு வந்த ஓடு. உனக்கு அனுப்புறேன், வச்சுக்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஓடு சீனி முகம்மதுவின் தோணியில் ஆத்தித்துறைக்கு வந்து இறங்கியது. ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு சேவல் முத்திரை. சூசைமுத்து முதல் ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் சங்கடப்பட்டான். அவனுடைய கோவிலில் இராயப்பர் சுரூபத்தின் காலடியில் இதே மாதிரி ஒரு சேவல் நிற்கும். இராயப்பரும் மீன்பிடிக்கிறவர்தான். அவரும் பயத்தில், சேவல் கூவுவதற்குள், ஆண்டவரைத் தெரியாது என்று பொய் சொன்னவர்தான்.

“கஸ்டம்ஸ்ல உள்ளதச் சொல்லு” என்றார் சீனி முகம்மது. “ஆனா கேட்டதுக்கு மட்டும் சொல்லு. இந்த ஒரு புத்தியிலதான் நான் இத்தன வருசம் தோணி ஓட்டுறேன்.”

சாவடி ஒரு பழைய உப்புக் கிட்டங்கி. கூரை தகரம், தகரத்தில் பாதி துரு, மீதி ஆகாயம். தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும் என்று வருஷா வருஷம் சென்னைக்கு மதிப்பீடு எழுதுவார்கள். அனுமதி வருவதற்குள் ஓட்டு விலை ஏறிவிடும். ஏறக் காரணம் வரி. வரியை வாங்குவது சாவடி. சாவடி எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக வேலை செய்ததோ அவ்வளவுக்கவ்வளவு ஒழுகியது.

அங்கே சூப்பிரண்டு ஒருவர் இருந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அதற்காக மலையாண்டி என்று கமுதிக்காரக் குமாஸ்தா ஒருவரை வைத்திருந்தார்கள். சூப்பிரண்டு பேசுவதைத் தமிழிலும், ஜனங்கள் பேசுவதை இங்கிலீஷிலும் அவர் சொல்ல வேண்டும்.

மலையாண்டி சூசைமுத்துவைப் பார்த்துச் சொன்னார்: “என்னென்ன உண்டோ அத மறைக்காம, வெளிப்படையாச் சொல்லணும். மனசறிஞ்சு மறைச்சா அது தனிக் குத்தம். சொல்லிட்டா அபராதம் போடுவாக. அபராதத்தத் தீத்துட்டா அதோட முடிஞ்சுரும்.”

சூசைமுத்து சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது அட்சரம் மாறாமல் இதுதான். அவன் தலைத்துண்டை அவிழ்த்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டான்.

“ஏப்பா, எந்திரி. இங்கன எதுக்கு மண்டி போடுற?”

“வழக்கம்ங்க.”

சூப்பிரண்டு இதைத் தடுக்கவில்லை. பொதுஜனம் இப்படி இருக்க வேண்டும் என்று அவர் முன்பே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

“என்ன கொண்டாந்த?”

“ஓடுங்க.”

மலையாண்டி மேஜையிலிருந்த அகராதியைப் புரட்டினார். “எனக்கும் தெரியும்ப்பா இது கூரை ஓடுன்னு. ஆனா ஆபீஸ் அகராதியில ஓடுன்னா மொதல் அர்த்தம் சிப்பி, ஆமை இதுக மேல இருக்கறது. மொதல் அர்த்தத்தத்தான் எழுதலாம். ரெண்டாவது அர்த்தம் எழுதணும்னா மெட்ராஸ்ல அனுமதி வாங்கணும்” என்று சொல்லிவிட்டு முதல் அர்த்தத்தைச் சூப்பிரண்டிடம் சொன்னார்.

சூப்பிரண்டு வரிப் புத்தகத்தை எடுத்தார். ஆமையோடு, சீப்புச் செய்வது, மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்வது, ஆடம்பரப் பொருள். இருக்கிற வரியிலேயே உயர்ந்த வரி. அவர் முகம் மலர்ந்தது. “ஆமையைப் பற்றிக் கேள்” என்றார்.

“ஆமையப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்னு கேக்காரு.”

சூசைமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. இது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? “தின்னேங்க” என்றான். தலை தொங்கியது. “எறச்சி ஆகாத தபசு காலத்துல. அதுவும் வெள்ளிக்கெழம.”

பின்னால் நின்ற சீனி முகம்மது நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அந்த ஆமையோட ஓடு எங்க?”

“வீட்டுல கோழிக்குத் தண்ணி வைக்கிறேங்க.”

அன்று அவனுக்கு முதல் அபராதம் போட்டார்கள். ஒரு வலையை விற்று அதை அவன் சந்தோஷமாகவே கட்டினான். தபசு கால ஆமை பல வருஷமாக அவன் மனத்தில் நீந்திக்கொண்டிருந்தது. அது ஒழிந்தது. கட்டிவிட்டு, “அப்ப ஓட்ட எடுத்துக்கிட்டுப் போகலாமுங்களா?” என்று கேட்டான்.

“அது ஆமைக்குப்பா. ஓட்டுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

“அபராதம் தீத்தாச்சேங்க?”

“ஒண்ணு தீந்தாத்தான அடுத்ததுக்கு எடம் கெடைக்கும்.”

இந்தக் கோவிலில் முறை வேறு மாதிரி இருக்கிறது என்று சூசைமுத்து நினைத்துக்கொண்டான். அவர்கள் மேல் தப்பு இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தப்பு செய்தவன் ஒருவன் இருக்கும்போது இன்னொருவர் மேல் அதைத் தேடுவானேன்?

அடுத்த வாரம் அவன் அடுக்கிலிருந்து ஒரு ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சூப்பிரண்டின் மேஜைமேல் வைத்தான். “ஆமை இல்லீங்க. அய்யா கண்ணால பாத்துக்கிரட்டும்” என்றான்.

சூப்பிரண்டு உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தபடியே இங்கிலீஷில் இப்படிப் பேசினார்:

“ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து அது இன்னது என்று முடிவு செய்வதானால் அரசாங்கம் எதற்கு? அதை எந்த மீன்காரனும் செய்வான். பார்க்காமலே முடிவு செய்யத்தான் எங்களுக்குப் பரீட்சை வைத்து, தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நான் பதினேழு வருஷ சர்வீஸில் ஒரு பொருளையும் பார்த்ததில்லை. என் தீர்ப்பு ஒன்றுகூடத் தப்பானது என்று நிரூபணமானதில்லை. நிரூபிக்க வந்தவர்களுடைய பொருளையும் நான் பார்க்கவில்லை.”

“பாக்க மாட்டாராம்” என்றார் மலையாண்டி.

“அடியில சேவல் மார்க்கு இருக்குங்க. கொல்லத்துச் சூளையில போட்டது. நம்ம நாட்டு ஓடுதாங்க.”

இதை மொழிபெயர்த்ததும் சூப்பிரண்டுக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்றுகொண்டார்.

“இந்தியாவில் பிறந்த ஓடா? அப்படியானால் ஏன் இந்தியாவை விட்டுப் போனது? நாடு கஷ்டப்பட்ட காலத்தில் அக்கரைக்குப் போய் அந்நியர்கள் தலைக்கு நிழல் கொடுத்தது. இப்போது நாம் வரி போட்டு நம் ஓட்டுக்கு நல்ல விலை வாங்கிக் கொடுத்த பிறகு, பங்குக்குத் திரும்பி வருகிறதா? என்னைப் பாருங்கள். போன வருஷம் ஊரில் வீடு புதுப்பித்தேன். சுதேசி ஓடுதான் போட்டேன். விலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாபாரியும் என்னிடம் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதல்லவா தேசபக்தி!”

“ஓடு அக்கரைக்குப் போனது தப்பாம்” என்றார் மலையாண்டி.

சூசைமுத்து ஓட்டைப் பார்த்தான். சந்தனத்தை அந்தக் கரையில் நீ இந்த ஊர் இல்லை என்றார்கள். அவர் வீட்டு ஓட்டை இந்தக் கரையில் நீ இந்த ஊர் இல்லை என்கிறார்கள். ஓட்டுக்கும் தன்னைப்போல ஏதோ பழைய பாவம் இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. அதன் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தான்.

சேவல் எந்த நாட்டுச் சேவல் என்று அதை வார்த்த சூளையிலிருந்தே சான்று வாங்கி வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. கொல்லத்துக்கு எழுதினார்கள். சூளை மூடி வெகுகாலம் ஆயிற்று என்று பதில் வந்தது. சூளை இல்லை, ஆகவே சேவலுக்கு நாடு இல்லை என்று சாவடியில் பதிவு செய்தார்கள். அதற்கு ஒரு அபராதம். இன்னொரு வலை போயிற்று.

புரட்டாசி கடைசியில் வானம் கறுக்கத் தொடங்கியது. அப்போது சூப்பிரண்டு சட்டப் புத்தகத்தில் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். பிடித்துவைத்த பொருளை மழை படாமல் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். சாவடியில் மழை படாத இடம் என்று ஒரு சாண் கிடையாது. ஓட்டை உள்ளே வைத்தாலும் நனையும். விதி மீறல்.

இரண்டு நாள் அவர் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் வழி கிடைத்தது. ஓட்டைக் கட்டடத்துக்கு மேலேயே சேமித்து வைப்பது. இடம் வீணாகாமல் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல, வரிசையாக, சரிவாக வைப்பது. அப்படி வைத்தால் கட்டடத்துக்குள் மழை படாது. மழை படாத இடம் உண்டாகிவிட்டால் விதி நிறைவேறிவிடும்.

“அப்ப ஓட்ட உள்ள கொண்டாந்து வைப்பீகளா?” என்று சூசைமுத்து கேட்டான்.

“ஓடு உள்ள வந்துட்டா மேல என்ன இருக்கும்? வெவரம் புரியாத ஆளா இருக்கியே” என்றார் மலையாண்டி. சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் துடைத்தார். “சேமிக்கிற கூலி பொருளுக்கு உரியவன் பொறுப்பு. நீயே ஏறி வச்சிட்டா கூலி மிச்சம்.”

சூசைமுத்து ஏறினான். தகரத்தைப் பிரித்துச் சட்டம் அடித்து ஓடு வேய்ந்தான். இவ்வளவு நாள் தன்னால் இவர்களுக்கு எத்தனை சிரமம் என்ற நினைப்பில், ஒரு ஓடுகூட ஆடாமல், கோடு போட்டாற்போல வைத்தான். சேவல்கள் எல்லாம் கீழே பார்த்தபடி சாவடிக்குள் தொங்கின.

அவன் மேலே இருக்கும்போதுதான் தங்கச்சிமடத்திலிருந்து மச்சினன் ஜெபமாலை ரயிலில் பாலம் தாண்டி, பிறகு பஸ்ஸில் வந்து பாதையோரம் இறங்கி, அங்கிருந்தே கூப்பிட்டான்.

“அத்தான். அக்கா கேட்டு வரச் சொல்லுச்சு. ஓடு போட்டாச்சா?”

கேட்டதற்கு மட்டும் சொல் என்று சீனி முகம்மது சொன்னது சூசைமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. கை நிறைய ஓட்டுத் தூள். “போட்டுக்கிட்டே இருக்கேன் மாப்ள” என்றான். “இன்னைக்கி முடிஞ்சுரும்.”

எங்கே என்று ஜெபமாலை கேட்கவில்லை. திரும்புகிற பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டான். சூசைமுத்து அன்று சாயங்காலம்வரை கூரையைவிட்டு இறங்கவில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து மேலதிகாரி வந்தார். ஓட்டு வழக்கை முடித்துவைக்க அவருக்குத்தான் அதிகாரம். சாவடியில் புதுக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் சூப்பிரண்டு, ஒரு பக்கம் மலையாண்டி. எதிரே சூசைமுத்து, இந்தத் தடவை நின்றுகொண்டே. சுவரோரம் சீனி முகம்மது.

விசாரணை பாதியில் வாசலில் நிழல் தட்டியது. லீமாரோஸ் நின்றாள். நல்ல கையில் தகரப்பெட்டி. ஓடு போட்டாயிற்று என்ற சேதி கேட்டு முதல் பஸ்ஸுக்கே வந்து, வீட்டில் வெறும் மூங்கிலைப் பார்த்துவிட்டு, ஆளைத் தேடி இங்கே வந்திருக்கிறாள். அவள் யாரையும் கேட்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு சூசைமுத்துவைப் பார்த்தாள்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். மலையாண்டி தமிழில் சொன்னார்: “கடைசியாக் கேக்காரு. இன்னும் சொல்லாம மறைச்சு வச்சது ஏதாச்சும் இருந்தா இப்பச் சொல்லிரு. அபராதத்தோட எல்லாம் இன்னையோட தீந்துருமாம்.”

சீனி முகம்மது சுவரோரமிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

சூசைமுத்துவின் கண் லீமாரோஸின் திரும்பிப்போன கையில் நின்றது. மேலே அத்தனை சேவலும் அவனையே பார்த்தன.

“ஒண்ணு இருக்குங்க” என்றான்.

“சொல்லு.”

“புயலன்னைக்கி நான் கோவில்ல இல்லீங்க. வள்ளத்தக் கட்டப் போனேன். வீட்டத் தாண்டித்தான் கரைக்குப் போகணும். வாசல்ல இவ நின்னா. பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். கட்டிட்டு வந்துறலாம்னு நெனச்சேன். வந்து கேட்டதுக்குச் செபம் சொல்லிக்கிட்டிருந்தேன்னு சொன்னேன். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. சாமியார்கிட்டக்கூடச் சொல்லல.”

மேலதிகாரி மலையாண்டி பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்கிறான்?” என்றார் மேலதிகாரி.

மலையாண்டி அகராதிமேல் கையை வைத்தார், எடுத்தார். இத்தனை வருஷம் முதல் அர்த்தத்தை எழுதியே பழகியவர். இதற்கு முதல் அர்த்தம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. சூப்பிரண்டு தொண்டையைக் கனைத்தார். கடைசியில் மலையாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார்:

“அவனிடம் ஒரு வள்ளம் இருக்கிறதாம், சார்.”

மேலதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பார்த்தீர்களா?” என்று சூப்பிரண்டைப் பார்த்துச் சொன்னார். “எத்தனை மாத விசாரணையில் உங்களால் வெளியே கொண்டுவர முடியாததை, ஒரே கேள்வியில் கொண்டுவந்தேன். கடலோரத்தில் இருக்கிற ஒருவனிடம் வள்ளம் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? அதையும் இத்தனை நாள் ஒளித்து வைத்திருக்கிறான்.”

தீர்ப்பு அங்கேயே எழுதினார்கள். ஓடு இப்போது ஒரு கட்டடத்தின் பகுதி. கட்டடத்தை யாரும் தோணியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. ஆகவே அது இறக்குமதியே ஆகவில்லை. வரி கிடையாது. ஓடு குற்றமற்றது. அறிவிக்காமல் வைத்திருந்த வள்ளம் மட்டும் பறிமுதல்.

“ஓடு குத்தமில்லன்னு ஆயிருச்சுப்பா” என்றார் மலையாண்டி.

“அப்ப எடுத்துக்கலாமுங்களா?”

“சர்க்கார் கட்டடத்துக் கூரையப் பிரிக்கறதா? அது வேற சட்டம்.”

அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சரம்சரமாக இறங்கியது. பியூன் பழக்க தோஷத்தில் வாளியைக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் வைத்தான். ஒன்றும் விழவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

“அருமையான ஓடு. எங்கே வாங்கினீர்கள்?” என்றார் மேலதிகாரி.

“வாங்கவில்லை சார், சேமித்து வைத்திருக்கிறோம்” என்றார் சூப்பிரண்டு.

லீமாரோஸ் தாழ்வாரத்தில் போய் நின்றாள். சூசைமுத்து பின்னாலேயே போய், ஒரு முழம் தள்ளி நின்றான். ரெண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள்.

“வாசல்ல நிக்கயில நீங்க என்னப் பாத்தீக” என்றாள் அவள். “நானும் ஒங்களப் பாத்தேன்ல?”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“வள்ளத்துக்குத்தான் ஓடுறீகன்னு தெரியாதா எனக்கு? கயிறு எடுக்காம ஓடுறீகளேன்னு, எடுத்துக் குடுப்பமுன்னு உள்ள போனேன். அப்பத்தான் விழுந்துச்சு.”

சூசைமுத்து அன்றைக்குப் புதரில் கிடந்த ஏதோ பழைய கயிற்றைத்தான் எடுத்துக் கட்டினான். நல்ல கயிறு வீட்டுக்குள் பரணில் இருந்தது. அதை அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

“எங்க போனீகன்னு நான் கேட்டேன். வள்ளம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே ஆறியிருக்கும். கோவில்லன்னீக.”

அவள் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள்: “இப்ப வள்ளமும் போச்சு. இனிமே காத்தடிச்சா எங்கிட்டு ஓடுவீக?”

“எங்கிட்டும் ஓட மாட்டேன்.”

“ஓட எடமில்லன்னு சொல்லுங்க.”

பியூன் வந்து, வேலை இல்லாதவர்கள் சர்க்கார் கூரைக்குக் கீழே நிற்கக் கூடாது என்றான். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னான். சூசைமுத்து தகரப்பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். ரெண்டு பேரும் மழையில் இறங்கினார்கள்.

“நான் என்ன அபராதம் செய்யணும்?” என்று அவன் கேட்டான்.

“தென்ன மட்ட வெட்டிப் போடுங்க. கிடுகு முடையணும். எனக்கு ஒரு கைதான் வணங்கும். மத்தக் கைக்கு நீங்க வந்து பக்கத்துல ஒக்காரணும்” என்றாள். “மழ விடுறவரைக்கும் மூங்கிலுக்கடியில நனஞ்சுக்கிட்டு முடையணும். அதான்.”

“எத்தன நாளைக்கி?”

“அபராதத்துல பேரம் பேசாதீக.”

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் மலையாண்டி, சாவடித் தாழ்வாரத்தின் விளிம்பில், ஒரு சொட்டுக்கூட மேலே படாமல் நின்றார். வேறு ஏதோ சொல்லத்தான் வந்தவர் போல இருந்தது. உள்ளே சூப்பிரண்டின் குரல் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“ஏப்பா சூசைமுத்து” என்று மழைக்கு மேலாகக் கேட்டார். “கூரைக்கு இனி என்ன போடுவ? உள்ளூர்ச் சரக்குதான? வேற ஏதும் உண்டா?”

சூசைமுத்து நின்றான். கை தானாகத் தலைத்துண்டுக்குப் போயிற்று. மட்டை மச்சினன் தோப்பில் வெட்டுவது, தோப்பு தங்கச்சிமடத்துத் தீவில் இருக்கிறது, தீவுக்கும் கரைக்கும் நடுவில் கடல் இருக்கிறது. உள்ளதை ஒவ்வொன்றாகச் சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

லீமாரோஸ் திரும்பிப்போன அந்தக் கையால் அவன் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

“வாய மூடிக்கிட்டு வாங்க” என்றாள்.

அவன் மூடிக்கொண்டு நடந்தான்.